கோதை, நீ எழுதியதில் மிச்சமிருப்பது

என் பிரியத்துக்குரிய கோதை அம்மணிக்கு,

கல்லறைத் திருநாளுக்கு அப்பாவின் கல்லறையைக் கழுவி, செவ்வந்திப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். நான் ஒரு மெழுகுவத்தி கூடுதலாக வாங்கி வைத்திருந்தேன். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உன் சாம்பலைப் பவானியில் கரைத்துவிட்டார்கள். போய் நிற்க ஓர் இடம் இல்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறாய். கடைசியில் அப்பாவின் கால்மாட்டிலேயே ஓர் ஓரமாக ஏற்றி வைத்தேன். "இது ஆருக்கு?" என்று அம்மா கேட்டாள். "கோதைக்கும்மா" என்றேன். அம்மா, அப்பாவுக்கு வைத்த பூவில் ஒரு கை எடுத்து உன் மெழுகுவத்திப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நம் ஊர் கம்ப்யூட்டர் நண்பர்கள் நடத்துகிற சின்னப் பத்திரிகையில் உன்னைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். 'கோதை என்பவர்' என்று தொடங்கிப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. நீ எப்போது 'என்பவர்' ஆனாய்? அதனால் உனக்கே எழுதுகிறேன், அவர்களும் படித்துக்கொள்ளட்டும். உனக்குத் தெரிந்ததையே நான் நடுநடுவே விளக்கினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, அது அவர்களுக்காக.

முதலில் ஊர் நடப்பு. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று எல்லாரும் பயந்து கிடக்கிறார்கள். நம் முதலாளி முத்துசாமி அண்ணன் பெட்டி பெட்டியாகத் தீப்பெட்டியும் ஒரு பெரிய டார்ச்சும் வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்திருக்கிறார். "கம்ப்யூட்டரு நின்னா தீப்பெட்டி என்னத்துக்குங்கண்ணா?" என்று கேட்டேன். "இருக்கட்டுமுங்க அம்மணி, ஆருக்குத் தெரியும்" என்றார். நீ இருந்திருந்தால் இதை வைத்து ஒரு மாதம் ஓட்டியிருப்பாய். தனியாகச் சிரிக்க எனக்குப் பழக்கமில்லை.

உன் மேசையை யாருக்கும் கொடுக்கவில்லை. தினமும் காலையில் பெருக்க வருகிற அம்மா உன் நாற்காலியையும் துடைத்துவிட்டுத்தான் போகிறார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் அந்தத் தகரக் கூரை போட்ட ஷெட்டில் நாம் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்தபோது, மில் பரிசோதனைக் கூடங்களுக்கு நூல் சோதனைப் பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். நூல் அந்தப் பெட்டிக்குள் ஓடும்போது எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று பெட்டி அளந்து சொல்லும். அதை வாங்கிக் கம்ப்யூட்டரில் கோடாக வரைந்து காட்டுவது நம் வேலை. அப்போது பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தடித்த வயர் ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் திருகாணி போட்டு முறுக்கிவிட்டால் யாராலும் எளிதில் பிடுங்க முடியாது. பிறகுதான் யூஎஸ்பி வந்தது. சின்னத் தலை, திருகாணி கிடையாது, மின்சாரமும் அதே வயரில் வந்துவிடும், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகலாம், பிடுங்கலாம். நீ செருகிப் பிடுங்கி, செருகிப் பிடுங்கி விளையாடியது நினைவிருக்கிறது. "பாரு புள்ள, செருவுன ஒடனே நீ ஆருன்னு கேக்குது!" என்று கத்தினாய். அண்ணன் என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார்.

கேட்பது யார்? கெர்னல். கம்ப்யூட்டரின் மற்ற எல்லாப் புரோகிராமுக்கும் அடியில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு நினைவகம், எந்த வயரில் யார் பேசுவது என்று பங்கிட்டுக் கொடுக்கிற புரோகிராம் அது. ஒவ்வொரு கருவியோடும் பேசுவதற்கு அதற்குள் ஒரு துண்டு இருக்கும், அதற்குப் பெயர் டிரைவர். மேலே ஓடுகிற புரோகிராமில் பிழை வந்தால் அது மட்டும் சாகும். டிரைவரில் பிழை வந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் உறைந்துபோகும். நம் பெட்டிக்கு டிரைவர் எழுதுகிறேன் என்று நீ கையைத் தூக்கினாய். நான் மேலே கோடு வரைகிற பக்கத்தோடு நின்றுகொண்டேன். உனக்குத் தைரியம் அதிகம், எனக்குச் சோற்றின் மேல் ஆசை அதிகம் என்று நீதான் சொல்வாய்.

நாம் பிடித்துக்கொண்டது உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் மின்னஞ்சலிலேயே சேர்ந்து எழுதி, எல்லாருக்கும் சும்மா கொடுக்கிற கெர்னல். உன் டிரைவரையும் அதிலேயே சேர்த்துவிடலாம் என்று காந்திபுரத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நீ அனுப்பிய முதல் மின்னஞ்சலை என்னால் மறக்க முடியுமா? மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கி, தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு பாரா. யூஎஸ்பி பகுதியைப் பார்த்துக்கொள்கிற வெளிநாட்டுக்காரரிடமிருந்து மறுநாளே பதில் வந்தது. அதில் வணக்கம்கூட இல்லை. "இது பிடுங்கினால் உறைந்துவிடும். சரிசெய்து அனுப்பு." அவ்வளவுதான். நான் துடித்துப் போனேன். நீயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "சரியாத்தான சொல்லியிருக்கறாரு" என்றாய்.

சரியாகத்தான் சொல்லியிருந்தார். புரோகிராம் அளவு கேட்டுக்கொண்டிருக்கும்போதே யாராவது வயரைப் பிடுங்கிவிட்டால், உன் டிரைவர் தன் இடத்தைக் காலி செய்துகொண்டு போய்விடும். மேலே இருக்கிற புரோகிராமுக்கு அது தெரியாது. காலி செய்த இடத்தில் போய் இன்னும் கேட்கும், கம்ப்யூட்டர் உறையும். நீ திருத்தித் திருத்தி அனுப்பினாய், அவர் திருப்பித் திருப்பி அனுப்பினார். கடைசியில் ஒரு நாள் ஏற்றுக்கொண்டார்கள். கோப்பின் தலையில் உன் பெயர், பராமரிப்பவர்கள் பட்டியலில் உன் பெயர், உன் மின்னஞ்சல் முகவரி. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் காட்டினாய். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இதுல நம்ம கம்பெனி பேரு எங்கியும் காணோமுங்களே அம்மணி?" என்று கேட்டார்.

உன்னோடு எனக்கு ஒரே ஒரு சண்டைதான். நீ கமெண்ட் எழுத மாட்டாய். நாளைக்கு இதைப் படிக்கப் போகிறவருக்கு, இந்த வரி எதற்காக என்று வரிக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கிற குறிப்பு அது. எல்லா வேலையும் முடித்துவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்பாய். ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை, நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதும் நான் அதைத்தான் சொன்னேன். வேறு நல்ல வார்த்தை எதுவும் எனக்கு அப்போது வரவில்லையே கோதை. "இந்த டிரைவர்ல பாதி எனக்குப் புரியல, கமெண்ட் எளுதி வெச்சுட்டுப் போ" என்றேன். "வந்து எளுதிக்கறேன் புள்ள. வாரேன்" என்றாய்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. ஷெட்டின் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, கூரையைப் பார்ப்பது போல நடிப்பாய். வால்வை மாற்றிவிட்டால் மருதமலைப் படியை ஓடியே ஏறுவேன் என்று பந்தயம் கட்டினாய். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் முதலில் சொன்னார்கள். நீ கண் விழிக்கவில்லை. உன் அம்மா உன் கட்டில் ஓரமாக நின்று உங்கள் வீட்டுத் தெலுங்கில் உன்னைக் கூப்பிட்டார். சத்தமாக இல்லை, பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற குரலில். கொஞ்சம் நிறுத்துவார், உன் முகத்தைப் பார்ப்பார், திரும்பக் கூப்பிடுவார். நர்ஸ் வந்து தோளைத் தொட்டு, "போதுமுங்கம்மா, வாங்க" என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். எனக்கு எந்த ஜெபமும் வாயில் வரவில்லை.

நீ போன கொஞ்ச நாளில் அந்த வெளிநாட்டுக்காரர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மின்னஞ்சல் போட்டார். யூஎஸ்பி பகுதியின் அடித்தளத்தையே மாற்றி எழுதுகிறார்கள். பிடுங்கினால் உறையாமல் பார்த்துக்கொள்கிற வேலையை ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியாகச் செய்து சொதப்புவதை நிறுத்திவிட்டு, அடித்தளமே ஒரே இடத்தில் ஒழுங்காகச் செய்யப் போகிறது. அதற்கு ஏற்றபடி எல்லா டிரைவர்களையும் மாற்றியாக வேண்டும், மாறாதவற்றை நீக்கிவிடுவார்கள். அடுத்த மின்னஞ்சலில், இந்த நூல் பெட்டிக்காரரிடமிருந்து பதிலே இல்லை, அவர் எங்கே என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார். நீ இறந்துவிட்டாய் என்பதை நான் முதன்முதலாக எழுத்தில் எழுதியது அவருக்குத்தான், அதுவும் ஆங்கிலத்தில். வருந்துகிறேன் என்று ஒரு வரி எழுதினார். கீழே, "நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த வெளியீட்டில் எடுத்துவிடுகிறேன்" என்று இன்னொரு வரி. கெட்ட மனிதர் இல்லை கோதை. ஆள் இல்லாத டிரைவரை வைத்துக்கொண்டு அவரும்தான் என்ன செய்வார்?

எடுத்துவிட்டால் உன் பெயரும் போய்விடும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. டிரைவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நீ எழுதியதை நான் என் கையால் அழிக்க வேண்டும்.

வெளியே நடப்பது மாறாமல் உள்ளே இருப்பதை மாற்றி அடுக்குவதற்கு ரீஃபாக்டரிங் என்று பெயர். நூல் பெட்டி முன்னைப் போலவே அளக்கும், மில்லில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் உள்ளே நீ எழுதியது இருக்காது. நினைவகம் கேட்டு வாங்குவதற்கு நீ எழுதியிருந்த பகுதி இனி அடித்தளத்தின் வேலை, அழித்தேன். பதில் வரும்வரை காத்திருக்க நீ எழுதியிருந்ததும் தேவையில்லாமல் போனது, அழித்தேன். பிடுங்கினால் உறையாமல் இருக்க நீ அத்தனை வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பகுதியும் இருந்தது. அதை அழிக்குமுன் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன், பிறகு அழித்தேன். பராமரிப்பவர்கள் பட்டியலில் உயிரோடு இருந்து பதில் சொல்கிறவர் பெயர்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கே, பார்த்துக்கொள்.

அந்த வாரம் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மா எனக்கு இலை போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். "ஏங்கண்ணு, என்ற பொண்ணு எளுதுனது இன்னும் கம்ப்யூட்டருக்குள்ள இருக்குதா?" என்று கேட்டார். உன் துணிமணியையெல்லாம் ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உலகத்தில் உன் கை பட்டது ஒன்று எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் அவருக்கு ஓர் ஆறுதல். "கொஞ்சம் ரசம் ஊத்துங்கம்மா" என்றேன். அவர் ஊற்றினார், திரும்பக் கேட்கவில்லை.

கடைசியில் உன்னுடையது என்று ஒரே ஒரு துண்டுதான் மிஞ்சியது. பெட்டியைச் செருகியதும், நீ நம்முடைய நூல் பெட்டிதானா என்று டிரைவர் ஒரு கேள்வி கேட்கும். பதில் சரியில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுவதுதான் எல்லா டிரைவர்களும் செய்வது. நீ அப்படி விடவில்லை. கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்கும், இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பொறுத்து மறுபடியும் கேட்கும். எத்தனை முறை கேட்பது என்று எண்ணுகிற இடத்துக்கு ஆங்கில எழுத்தில் 'பொறுமை' என்று பெயர் வைத்திருந்தாய். கமெண்ட் வழக்கம்போல இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்ப் புத்தி எங்கே போகும், பெட்டியிடம்கூட ஏனுங்க, ஏனுங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அதை மட்டும் தொடாமல் அனுப்பினேன்.

பதில் வந்தது. "திரும்பத் திரும்பக் கேட்கிற இந்தச் சுழற்சி எதற்கு? கருவி பதில் சொல்லும், அல்லது கெட்டிருக்கும். நீக்கவும்." எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. இறந்துபோன என் தோழி எழுதியது, இருக்கட்டும் என்று ஒரு கெர்னலில் காரணம் சொல்ல முடியுமா? இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன். பிறகு நீக்கி அனுப்பினேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள். புது டிரைவர் உன்னுடையதில் பாதி நீளம்கூட இல்லை. கச்சிதமாக, அழகாக இருந்தது. கோப்பின் தலையில் உன் பெயர் இருந்தது, கீழே உன் வரி ஒன்றுகூட இல்லை. நான் அன்று அழுதேன். நீ செத்த அன்று வராத அழுகை எல்லாம் அன்று வந்தது.

புது டிரைவரை மில்களுக்கெல்லாம் அனுப்பினோம், ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதற்குள் ஆயுத பூஜை வந்தது. நம் ஷெட்டிலும் கடைசல் இயந்திரத்திலிருந்து ஸ்பேனர்வரை கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு நாள் எதையும் தொடாமல் விட்டோம். விஜயதசமி அன்று காலையில் எல்லாரும் மறுபடி இயந்திரத்தை ஓட்டத் தொடங்கியதும் அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

"என்னுங்க அம்மணி, நல்ல நாளும் அதுவுமா பொட்டி எந்திரிக்க மாட்டேங்குதுன்னு தாராபுரத்து மில்லுக்காரரு போன்ல சத்தம் போடறாருங்க. அவரு வெச்ச ஒடனே திருப்பூர்ல இருந்தும் வந்துபோட்டுது. இப்புடின்னா நமக்கு இந்த யூஎஸ்பியே வேண்டாமுங்க. பளைய வயருக்கே போயிரலாமுங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் என்றைக்கு உயர்த்தியிருக்கிறார்? ஆனால் சொன்னால் சொன்னதுதான் என்று உனக்கும் தெரியும். பழைய வயருக்குப் போனால் டிரைவரே தேவையில்லை, உன் பெயர் இருக்கிற அந்தத் தலைப்பும் போய்விடும். ஒரு நாள் பொறுங்கள் என்று கெஞ்சிவிட்டுத் தாராபுரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம், கோதை கட்டி வைத்ததை நான் கெடுத்துவிட்டேன் என்பதே மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மில்லின் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிற பேபியக்காவை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "வாங்க அம்மணி, நின்னுட்டே வந்தீங்களாட்ட இருக்குது, மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பைக் கொடுத்தார். பொரியும் கடலையும் ஒரு தட்டில் வைத்தார். அந்த அறையில் எல்லாமே பளபளவென்று இருந்தன. தராசு, நூல் சுற்றும் ராட்டை, மானிட்டர், மவுஸ் எல்லாவற்றிலும் சந்தனமும் அதன் மேல் குங்குமமும். நம் பெட்டியிலும் இருந்தது. நான் பெட்டியின் வயரைக் கழற்றிப் பார்த்தேன். யூஎஸ்பி தலையின் உலோக வாயிலும் ஒரு சந்தனப் பொட்டு. செருகியபோது அது உள்ளே நசுங்கி, தகடுகளில் அப்பிக்கொண்டு, இன்னும் காயாமல் ஈரமாக இருந்தது.

"இதுலயும் வெச்சீங்களாக்கா?"

"ஆமாங்க. கரண்டு வார வாசல் அதுதானுங்களே. அதுக்கு வெக்காம எப்புடீங்க?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "போன வருசமும் இப்புடித்தானுங்க ஆச்சு. அந்தம்மணி வந்திருந்தாங்களே, கோதையம்மணி. சந்தனத்தைப் பாத்துப்போட்டு உளுந்து உளுந்து சிரிச்சாங்க. இனிமே இதுக்கு மட்டும் வெக்கலீங்கன்னு நாஞ்சொன்னேன். அவிய கேக்கோணுமே! 'எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு இதை மட்டும் உட்டா, அது என்ன நெனைக்கும்? நீங்க பாட்டுக்கு வையுங்கக்கா, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போனாங்க. இந்த வருசம் அவிய வரலீங்களா?"

நீ இறந்தது பேபியக்காவுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நூல் அறுந்து கிடந்த பெட்டியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன வருஷப் பூஜைக்கு நான் ஊரில் இல்லை, அக்காவின் பிரசவத்துக்குத் திருச்சி போயிருந்தேன். திரும்பி வந்தபோது நீ இதை என்னிடம் சொன்னாயா? சொல்லி நான்தான் காதில் வாங்கவில்லையா? சந்தனம் ஈரமாக இருக்கும்போது மின்சாரம் சரியாக ஏறாது, பெட்டி தள்ளாடித் தள்ளாடித்தான் எழும், முதல் கேள்விக்குக் கண்டபடி உளறும். அதனால்தான் நீ விட்டுவிடாமல் பொறுத்துப் பொறுத்துக் கேட்டிருக்கிறாய். நான் மரியாதை என்று நினைத்துச் சிரித்தது, நீ ஒருவருக்குக் கொடுத்த வாக்கு.

தகடுகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துச் செருகினேன், பெட்டி உடனே எழுந்துகொண்டது. அண்ணனுக்குப் போன் செய்தேன். "அப்ப ஒண்ணுமில்லீங்க, அதுல மட்டும் சந்தனம் வெக்காதீங்கன்னு எல்லா மில்லுக்கும் சொல்லிப்போடலாமுங்க" என்றார். வேண்டாமுங்கண்ணா என்றேன். அவருக்கு ஆச்சரியம். "கோதை பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கறா, அவ பாத்துக்குவா" என்றேன். "செரீங்க அம்மணி. யூஎஸ்பியே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

உன் துண்டை அப்படியே திரும்பப் போட்டேன் கோதை. எனக்குப் பிடித்த மாதிரி அடுக்கவில்லை, அரைப்புள்ளிக்கு முன்னால் நீ விடுகிற அந்த வேண்டாத இடைவெளியைக்கூடத் திருத்தவில்லை. 'பொறுமை'யும் அப்படியே. பிறகு அந்த வெளிநாட்டுக்காரருக்கு எழுத உட்கார்ந்தேன். சந்தனம் என்றால் என்ன, ஒரு மனிதர் தன் கருவிக்கு ஏன் பொட்டு வைக்கிறார், அதைச் செய்யாதே என்று ஏன் சொல்லக்கூடாது என்பதையெல்லாம் என் ஆங்கிலத்தில் எழுதினேன். நீ எழுதிய முதல் மின்னஞ்சலைவிட நீளமாகப் போய்விட்டது. மூன்று வரியில் பதில் வந்தது. "நல்ல காரணம். இதை என்னிடம் சொல்லாதே, கமெண்ட்டில் சொல். திரும்ப அனுப்பு."

நீ வந்து எழுதிக்கொள்கிறேன் என்று சொன்ன கமெண்ட்டை நான் எழுதினேன். 'இந்தக் கருவியின் இணைப்பில் ஆண்டுக்கு ஒரு நாள் சந்தனம் பூசுவார்கள். அது கெட்டுவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம், பொறுத்துக் கேட்கவும். எழுதியவர் கோதை' என்பது அதன் பொருள். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அடுத்த நாளே உங்கள் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றுமுன்பே, "இருக்குதுங்கம்மா. கோதை எளுதுனது உள்ள இருக்குதுங்க" என்றேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அது என்ன வேலை செய்யுது கண்ணு?" என்று கேட்டார்.

"கூப்பிட்டுப் பதில் சரியா வரலைன்னா ஒடனே விட்டுராதுங்கம்மா. கொஞ்சம் பொறுத்துப் பொறுத்து, திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பாக்கும்."

சொன்ன பிறகுதான் எனக்கே அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் கண்முன் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எத்தனை வாட்டி கூப்புடும்?"

"கொஞ்ச வாட்டிதானுங்கம்மா. அதுக்கப்பறம் விட்டுரும்."

"அதுக்குள்ள பதில் வந்துருமா?"

"வந்துருமுங்கம்மா" என்றேன். "சந்தனம் காயற வரைக்கும்தானுங்களே."

அம்மா தலையை ஆட்டினார். என் கையை விடவில்லை. "அது போதும் கண்ணு. அந்த மட்டுக்காவது பொறுக்குதே" என்றார். பிறகு எழுந்து போய் எனக்குத் தோசை ஊற்றினார். அடுப்படியிலிருந்து அவர் உன் பெயரைச் சொல்வது ஒரே ஒரு தடவை கேட்டது.

அடித்தளத்தை இன்னொரு முறை மாற்றுவார்கள் கோதை, அது நிற்காத வேலை. அப்போது நான் எழுதியதையெல்லாம் அழிக்கச் சொல்வார்கள், அழித்துவிடுவேன். உன் துண்டை மட்டும் கையில் எடுத்துப் புது இடத்தில் வைப்பேன். எதற்கு என்று கேட்டால், இப்போது சொல்ல எனக்குப் பதில் தெரியும். அடுத்த ஆயுத பூஜைக்குத் தாராபுரம் போகிறேன். பேபியக்கா அந்த வாயில் சந்தனம் வைக்கும்போது பக்கத்தில் நிற்பேன். எத்தனை வருஷமானாலும், நீ பாட்டுக்கு இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா 'என்ற சின்னப் பொண்ணு' என்று ஊராருக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிற உன் தங்கச்சி,
ஆக்னஸ்